கல்வெட்டுக்கும் உண்டு நம்பர்

குடவோலைன்னாலே உத்திரமேரூர்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லயும் 921லயும் வெட்டின ரெண்டு கல்வெட்டு, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கு. இதைப் பத்தி எழுதறவங்க நிறைய பேர் "ஒரு கல்வெட்டு சொல்கிறது"ன்னு முடிச்சுடறாங்க. எந்தக் கல்வெட்டு? 1898ஆம் வருஷத்து 1, 2. அவ்வளவுதான் விலாசம்.

இந்த நம்பர் எப்படி வந்தது? 1886ல ஹூல்ஷ் என்கிற ஜெர்மன்காரர் சென்னையில் அரசாங்கக் கல்வெட்டாய்வாளரா சேர்ந்தார். 1887லேர்ந்து ஆண்டறிக்கை. படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு எண். வருஷம் பொறந்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து. அதனால வருஷத்தை விட்டுட்டு எண்ணை மட்டும் சொன்னா பிரயோஜனமில்லை. இன்னொண்ணு, அது படியெடுத்த வருஷம், வெட்டின வருஷம் இல்லை.

மூலபாடம் அச்சானா வேற எண் வரும். 1890ல வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில், காஞ்சி கைலாசநாதர் கருவறையைச் சுத்தி ஓடற கல்வெட்டு 24; சுற்றாலைச் சிற்றாலயங்களில் இருக்கற ராஜசிம்மன் பட்டப்பெயர்கள் 25. 1919ல ரங்காச்சாரி மாவட்ட வாரியா ஒரு பட்டியல் போட்டார், அதுல இன்னொரு எண். ஆக, கல் ஒண்ணு, பேர் மூணு!

இதுல மாவட்டத்தை நம்பினா சிக்கல். மாமல்லபுரம் முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997ல காஞ்சிபுரம், 2019ல திரும்ப செங்கல்பட்டு. கல் நகரவே இல்லை. ஆண்டறிக்கை எண்ணில் ஊரும் இல்லை, மாவட்டமும் இல்லை. அதனாலதான் அது நிலைச்சு நிக்குது. கம்ப்யூட்டர்காரங்களுக்கு இது புரியும்: ஒரு கோப்பில் பேரைத் திருத்தலாம், விவரத்தைத் திருத்தலாம். ஐடியில் கை வெச்சா, அதைச் சுட்டற இடமெல்லாம் அறுந்துடும். கல்வெட்டிலும் அதேதான். வாசிப்பு தப்புன்னு பின்னாடி வந்தவர் திருத்துவார், எண் மாறாது.

நம்ம முன்னோருக்கும் இந்தக் கவலை இருந்தது. கொள்ளிடக்கரைத் திருமழபாடியில் விமானத்தைப் பிரிச்சுக் கட்டச் சொன்ன ராஜராஜன், முதலில் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவை திரும்பக் கல்லேறின. இப்படிப் படியெடுத்து வெட்டினதில் எழுத்து புதுசு. பழைய ராஜா பேரும் ஆட்சியாண்டும் அப்படியே இருக்கும். எழுத்தை மட்டும் பார்த்துக் காலம் சொன்னா ஏமாந்து போவோம்.

இன்னிக்குத் திருப்பணின்னு மணல் பீய்ச்சி, சுண்ணாம்பு பூசி எழுத்தைத் தொலைக்கிறாங்க. கல்லில் போனது மைப்படியில் மிஞ்சியிருக்கலாம். அந்த மைப்படியைத் தேடிப் பிடிக்க வழி இந்த எண்தான். அடுத்த தடவை கோயில் பத்திப் பதிவு போடறப்ப, வருஷத்தோட எண்ணையும் ஒரு வரி சேர்த்துடுங்க மக்களே. ராஜா பெருமையை அப்புறம் பேசிக்கலாம்.