சாரத்தின் மீது நிற்போரும் சட்டமும்

கொத்தனாரோ, சித்தாளோ, கம்பி கட்டுபவரோ இல்லாத குடும்பம் நம் சமுதாயத்தில் அரிது. ஆயினும் அத்தொழிலில் உயிருக்குப் பாதுகாப்புத் தேடிய வரலாறு நம் பாடநூல்களில் இடம்பெறவில்லை. அதனை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விபத்து நேர்ந்த பின்னர்ப் பணம் தரச் சொன்னது. விபத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால், ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது. ஆனால் ஆலைக்கு மதில் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. கட்டட வேலைக்கு இரண்டும் இல்லை. மேஸ்திரி அழைத்தால் வேலை. கட்டடம் எழுந்ததும் கூட்டம் கலைந்துவிடும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் இவர்களை எட்டவில்லை.

திருப்பம் தில்லியில் நிகழ்ந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கென அங்கே அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்தன. வெளிமாநில ஏழைகளை ஜமாதார்கள் எனப்பட்ட தரகர்கள் அழைத்து வந்தனர். நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயைத் தரகர் எடுத்துக்கொண்டார். பெண்களுக்கு 7 ரூபாயே தரப்பட்டதென்றும், சிறுவர்களும் வேலை செய்தனர் என்றும் ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கத்தார் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினர். அக்கடிதமே வழக்காயிற்று.

குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் கட்டட வேலை இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. சட்டம் மறந்தாலும் அரசியலமைப்பு மறக்கவில்லை என்பதே 1982 செப்டம்பர் 18 அன்று நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பின் சாரம். கட்டட வேலை அபாயமான தொழில். 14 வயதுக்குட்பட்டோரை அதில் அமர்த்துதல் 24ஆம் பிரிவுக்கு மாறானது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைத்துத் தருவது 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய வேலையாகும். இவ்விரண்டோடு, தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவையும் சேர்த்து, இவ்வுரிமைகளைத் தனிமனிதர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றது நீதிமன்றம். தீண்டாமை ஒழிப்பும் தொழிலாளியின் காப்பும் ஒரே வரியில் நின்றது நாம் சிந்திக்கற்பாலது.

அதே 1982இல் தமிழகம் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. 1994இல் கட்டடத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1985இல் தொடங்கிய நாடு தழுவிய இயக்கத்தின் பயனாக 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. 500 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் பணியிடங்களில் தொழிலாளரும் குறைவின்றி அமரும் பாதுகாப்புக் குழுவை அது வகுத்தது. 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள் ஆண் தூக்கும் சுமையை 55 கிலோ என்றும், பெண்ணுக்கு 30 கிலோ என்றும் வரையறுத்தன. சிமெண்டு மூட்டை 50 கிலோ! சித்தாளின் தலையில் முழு மூட்டையை ஏற்றுவது அன்றே விதிக்குப் புறம்பாயிற்று. எத்தனை மேஸ்திரிகள் இதனை அறிந்திருந்தனர்? 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது.

சட்டம் இருந்தும் 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அது பேரளவான கட்டடம், செய்தியாயிற்று. 10 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களை 1996ஆம் ஆண்டுச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே விட்டிருந்தது. நம்மவர் பலர் கூலிக்குச் செல்வது அத்தகைய சிறு வீடுகளுக்கே. அங்கே சாரக் கம்பு சுவரோடு இறுகக் கட்டப்பட்டுள்ளதா, முடிச்சுக் கயிறு இற்றுப்போயுள்ளதா என்று ஏறுமுன் பார்ப்பவர் ஏறுபவரே. அடித்தளக் குழியின் விளிம்பில் வெட்டிய மண்ணைக் குவித்திருந்தாலும், மழைக்குப் பின் பக்கம் வெடித்திருந்தாலும், மண்ணை அகற்றி முட்டுக் கொடுக்கும்வரை குழிக்குள் இறங்க மறுக்கலாம். அம்மறுப்பை ஒருவர் தனித்துச் சொன்னால் மறுநாள் வேலை போகும். ஆகவே அன்று வந்த அனைவரும் கூடி நின்றே சொல்லுதல் வேண்டும்.