சிப் கார்டை லேமினேட் பண்ணாதீங்க!

பள்ளிபாளையம்: ரேஷன் கார்டு, ஆதார், ஏ.டி.எம். கார்டு என்று பர்ஸ் பிதுங்குகிற காலம் இது. எல்லாவற்றையும் 'ஸ்மார்ட் கார்டு' என்கிறோம். ஆனால் எல்லாவற்றிலும் சிப் கிடையாது.

தமிழக அரசு 2017 ஏப்ரல் முதல் கொடுத்து வரும் ரேஷன் ஸ்மார்ட் கார்டில் இருப்பது கியூ.ஆர். கோடுதான். ஆதார் பி.வி.சி. கார்டும் அப்படியே. கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏ.டி.எம். கார்டில் தங்க நிறத்தில் மின்னுகிற சதுரம், அதுதான் சிப் இருக்கும் இடம்.

கண்ணுக்குத் தெரியாத சிப்பும் உண்டு. 2024 ஏப்ரலில் சோதனை முறையில் தொடங்கி, 2025ல் சென்னைக்கும் வந்த இ-பாஸ்போர்ட்டில் சிப்பையும் ஆன்டெனாவையும் உள்ளேயே பதித்திருக்கிறார்கள். முன் அட்டையில் கீழ்ப்பக்கம் சின்னதாகத் தங்க நிறக் குறி இருக்கும். சிங்கப்பூர், மலேசியா என்று வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் யாரையும் ஸ்டேப்ளர் பின் அடிக்கவோ ஓட்டை போடவோ விடாதீர்கள். துபாயில் கொடுக்கும் எமிரேட்ஸ் ஐ.டி.யிலும் சிப் இருக்கிறது.

சூடு ஆகாது

கார்டு பிளாஸ்டிக் 80 டிகிரி பக்கம் வந்தாலே இளக ஆரம்பித்துவிடும். லேமினேஷன் மெஷின் அதைவிடச் சூடு. போதாததற்கு, மேலே பேப்பர் ஒட்டிவிட்டால் மெஷினின் முனை சிப்பைத் தொடவே தொடாது. காசு கொடுத்து கார்டைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

அடுத்த எதிரி பின் பாக்கெட். தங்கச் சதுரத்துக்கு அடியில் இருப்பது கண்ணாடி மாதிரி உடையக்கூடிய சிலிக்கான் துண்டு. பர்ஸோடு தறிப்பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தால் வளைந்து விரிசல் விட்டுவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சட்டைப் பையே மேல்.

காந்தம் பட்டால் சிப் போய்விடும் என்பது சும்மா. பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டைக்குத்தான் அது ஆகாது.

துணியோடு கார்டையும் துவைத்துவிட்டால் பதற வேண்டாம். மெல்லிய துணியால் ஒற்றி, நிழலில் காய வையுங்கள். அயர்ன் பாக்ஸ், மண்ணெண்ணெய் வைத்தியம் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஆதாரை 50 முதல் 300 ரூபாய் வரை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கில் அடித்துத் தரும் கடைகள் பற்றி ஆதார் ஆணையமே 2018 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்தக் கார்டில் கியூ.ஆர். கோடு வேலை செய்யாமல் போகலாம் என்றது. 2020 முதல் ஆணையத்தின் இணையதளத்திலேயே பி.வி.சி. கார்டு கேட்கலாம், தபாலில் வீட்டுக்கே வந்துவிடும்.

காலாவதியான ஏ.டி.எம். கார்டைத் தூக்கிப் போடும்போது மட்டும் சிப்புக்குக் குறுக்கே கத்தரியால் வெட்டிவிட்டுப் போடுங்கள்.