கர்ப்பப்பை நார்த்திசுக் கட்டிகள்: சிறு துளை அறுவை சிகிச்சையில் அகற்றப்படுவது கட்டியா, கர்ப்பப்பையா?

கர்ப்பப்பையில் தோன்றும் ஃபைப்ராய்டு எனப்படும் நார்த்திசுக் கட்டிகள் புற்றுநோய் அல்ல. 50 வயதிற்குள் பெண்களில் பெரும்பாலோருக்கு இவை உருவாகின்றன. தொந்தரவு தராத கட்டிகளுக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. அதிக ரத்தப்போக்கும் ரத்தசோகையும் ஏற்படும்போது அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது.

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் ஆனாலும், தமிழகத்தின் சிறு நகரம் ஆனாலும், 'லேப்ராஸ்கோபி' என்ற சொல் இன்று நோயாளிகளுக்குப் பரிச்சயமானதே. ஆனால் அச்சொல் வழியை மட்டுமே குறிக்கிறது. கட்டியை மட்டும் நீக்கும் மயோமெக்டமியையும், கர்ப்பப்பையையே நீக்கும் ஹிஸ்டரெக்டமியையும் அதே சிறு துளைகள் வழியாகச் செய்ய இயலும்.

எந்த முறை பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் கட்டி அமைந்துள்ள இடமே தீர்மானிக்கிறது. கர்ப்பப்பையின் உட்குழிக்குள் நீண்டிருக்கும் கட்டியை ஹிஸ்டரோஸ்கோபி மூலம் பிறப்புறுப்பு வழியாகவே அகற்றலாம்; வயிற்றில் தழும்பே இராது. தசைச் சுவரிலோ வெளிப்புறத்திலோ உள்ள கட்டிகளுக்கு லேப்ராஸ்கோபி பயன்படுகிறது. வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவிலான துளைகள் வழியே கருவிகள் செலுத்தப்படுகின்றன. கட்டியை எடுத்தபின் கர்ப்பப்பைச் சுவரைத் தைப்பதே இதில் கடினமான பகுதி. தையல் வலுவின்றி அமைந்தால் பிற்காலக் கர்ப்பத்தில் அவ்விடம் கிழியும் அபாயம் உண்டு. இதனால் பலருக்குச் சிசேரியன் பரிந்துரைக்கப்படுகிறது. கர்ப்பப்பை இருக்கும்வரை புதிய கட்டிகள் தோன்றும் வாய்ப்பும் உண்டு.

பெரிய கட்டியைச் சிறு துளை வழியே வெளியே எடுப்பது எப்படி என்பது அடுத்த சிக்கல். மார்செல்லேட்டர் எனும் மின்கருவி கட்டியைத் துண்டுகளாக்கி வெளியேற்றும். ஃபைப்ராய்டு எனக் கருதப்பட்ட கட்டி அரிதாகப் புற்றுநோயாக இருந்துவிட்டால், அதன் துணுக்குகள் வயிற்றினுள் சிதறிப் பரவக்கூடும். 2014 ஏப்ரலில் இதுகுறித்து எச்சரித்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இத்தகைய அறுவை சிகிச்சை செய்துகொள்வோரில் 350 பேரில் ஒருவருக்குக் கண்டறியப்படாத சார்கோமா இருக்கலாம் என மதிப்பிட்டது. வேறு சில ஆய்வுகளின் மதிப்பீடு இதைவிடக் குறைவு. கட்டியைப் பைக்குள் இட்டுத் துண்டாக்கும் முறையை 2020-இல் அந்நிர்வாகம் வலியுறுத்தியது. 50 வயதைக் கடந்தோருக்கும் மாதவிடாய் நின்றோருக்கும் இக்கருவியைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை.

அறுவையின்றி, ரத்தநாளம் வழியே நுண்துகள்களைச் செலுத்திக் கட்டிக்குச் செல்லும் ரத்தத்தை அடைக்கும் முறையும் உள்ளது. குழந்தைப்பேற்றை விரும்புவோருக்கு இது பொதுவாக முதல் தேர்வு அல்ல.

இந்தியாவில் சம்மதம் குறித்த சட்டநிலை தெளிவானது. மாதவிடாய்ப் பிரச்சினைக்காக லேப்ராஸ்கோபி பரிசோதனைக்கு வந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவரது தாயின் சம்மதத்துடன் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்ட வழக்கில், 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அகற்றுவதற்கான சம்மதம் ஆகாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தேவைப்பட்டு, தாமதிக்க இயலாத நிலையில் மட்டுமே விலக்கு என்று நீதிமன்றம் கூறியது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்கும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு, 2023 ஏப்ரல் 5 அன்று மாநிலங்களுக்கும் அது உத்தரவிட்டது.