சைலன்சர் குழாயில் ஒரு மூக்கு

காரோட சைலன்சர் குழாய்க்கு ஒரு மூக்கு இருக்குன்னா நம்புவீங்களா? நெசமாவே இருக்குங்க. ஸ்பார்க் பிளக் மாதிரி குழாயில திருகி வச்சிருப்பாங்க. ஆக்சிஜன் சென்சார்னு பேரு, லாம்டா சென்சார்னும் சொல்வாங்க. அது எப்படி வேலை செய்யுதுங்கறதை விட, எங்கே உட்கார்ந்திருக்குங்கறதுலதான் எனக்கு ஆர்வம். ஏன்னா, இந்த மூக்கு இடம் மாறின கதையிலயே கார் புகையைக் கட்டுப்படுத்தின கதையும் அடங்கியிருக்கு.

முதல்ல லாஸ் ஏஞ்சல்ஸ் போவோம். 1940கள்ல அந்த ஊர் மேல கண்ணை எரிக்கற புகைமூட்டம். 1950களின் தொடக்கத்துல ஹாகன்-ஸ்மிட் என்கிற கால்டெக் விஞ்ஞானி காரணத்தைச் சொன்னார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில்ல வினைபுரியறதுதான் அது. ரெண்டையும் கார்கள் கக்கிக்கிட்டு இருந்துச்சு. 1970ல அமெரிக்காவோட தூய காற்றுச் சட்டம் கம்பெனிகளோட கழுத்தைப் பிடிச்சது.

புகையில மூணு விஷம்: கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு. மூணையும் ஒரே கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஒழிக்கணும்னா, 1 கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காத்து போகணும். காத்து கூடினா நைட்ரஜன் ஆக்சைடு தப்பிச்சிடும், குறைஞ்சா மத்த ரெண்டும் தப்பிச்சிடும். ஆக, வர்ற புகையை மோந்து பார்த்து உடனுக்குடன் சொல்ல ஒரு ஆள் வேணும்.

அந்த ஆளுக்கான விதை ஜெர்மனியில ஏற்கெனவே விழுந்திருந்தது. 1890கள்ல வால்தர் நெர்ன்ஸ்ட், சிர்கோனியா பீங்கானைச் சூடாக்கினா அது வழியா மின்சாரம் பாயும்னு பார்த்து, அதை வச்சு ஒரு விளக்கே செஞ்சார். அதே பீங்கானோட ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காத்து இருந்தா, ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரி வோல்டேஜ் வரும். பெட்ரோல் கூடினா 0.9 வோல்ட் பக்கம், காத்து கூடினா 0.1 பக்கம். பாஷ் கம்பெனி இதைச் சென்சாரா மாத்தி, 1976ல கலிஃபோர்னியாவுக்குப் போன வோல்வோ கார்கள்ல முதல்ல பொருத்தினாங்க. பெருமையா 'லாம்டா சோண்ட்'னு கிரில்லுல பேட்ஜ் வேற!

இப்பதான் இடப்பிரச்சனை. சிர்கோனியா சுமார் 300 டிகிரிக்கு மேல சூடானாத்தான் பேசும். அந்தக் காலத்து சென்சார்ல ஹீட்டர் கிடையாது, புகையோட சூடுதான் ஒரே வழி. அதனால இஞ்சினை ஒட்டியே வைக்கணும். ஆனா ரொம்ப ஒட்டி, ஒரு சிலிண்டரோட குழாயில வச்சா அந்த ஒண்ணோட சங்கதிதான் தெரியும். நாலு குழாயும் கூடற இடத்துல வச்சாத்தான் மொத்த இஞ்சினோட நியாயம் தெரியும். தள்ளிப்போனா குளிர், நெருங்கினா ஒருதலைப்பட்சம்!

1982ல ஹீட்டர் வச்ச சென்சார் வந்தது. இஞ்சினைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருக்கணும்கற அவசியம் போச்சு. வண்டி கிளம்பின கொஞ்ச நேரத்துலயே மோப்பம் பிடிக்க ஆரம்பிச்சது. கூடவே புதுசா ஒரு எதிரி: தண்ணி. குளிர்ந்த குழாயோட அடியில ஈரம் தேங்கும். அதுல ஒரு சொட்டு சூடான பீங்கான்ல பட்டா விரிசல்தான். அதனாலதான் சென்சாரைக் குழாயோட அடியில வைக்காம, முனை கீழே பார்த்த மாதிரி சாய்ச்சு, கிடைமட்டத்துக்குக் குறைஞ்சது 10 டிகிரி மேல வைக்கச் சொல்றாங்க. டர்போ இருந்தா பொதுவா டர்போவுக்கு அப்புறம்தான். முன்னாடி இருக்கற அழுத்தமும் வெப்பமும் இதுக்கு ஆகாது. சென்சாருக்கு முன்னால குழாயில ஓட்டை இருந்தாலும் வெளிக்காத்து உள்ளே புகுந்து பொய் சொல்ல வச்சிடும்.

அடுத்து 1996. அமெரிக்காவுல புதுக் கார் எல்லாத்துக்கும் ஓபிடி-2 கட்டாயம். இப்ப கன்வர்ட்டருக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு மூக்கு. முன்னது இஞ்சினுக்கு வழிகாட்டி. பின்னதோட முக்கிய வேலை சாட்சி சொல்றது. கன்வர்ட்டர் நல்லா இருந்தா, முன்னது மேலயும் கீழயும் குதிக்க, பின்னது கிட்டத்தட்ட ஒரே நிலையில நிக்கும். செத்துப்போச்சுன்னா இதுவும் சேர்ந்து குதிக்கும், விளக்கு எரியும்.

இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். ஒரு மெக்கானிக் என்கிட்டயே சொன்னார்: "சார், எதுக்கு அவ்ளோ செலவு? ஒரு சின்ன அடாப்டர் போட்டா லைட் அணைஞ்சிடும்." அந்த அடாப்டர் பின்னாடி சென்சாரைப் புகையோட்டத்துல இருந்து கொஞ்சம் வெளியே தள்ளி உட்கார வைக்கும், அவ்வளவுதான். சென்சார் கெடல, ஒயரையும் யாரும் அறுக்கல. சாட்சியை ஒரு அங்குலம் நகர்த்தினா கேஸே தள்ளுபடி! நான் வேண்டாம்னுட்டேன். வாங்கறவங்க நிறையப் பேர் இருக்காங்க.

நம்ம ஊர் கணக்கு என்னன்னா, 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல கன்வர்ட்டர் வச்ச புதுக் கார்களுக்காக ஈயமில்லா பெட்ரோல் வந்தது. ஈயம் பட்டா கன்வர்ட்டரும் போச்சு, சென்சாரும் போச்சு. 2000ல நாடு முழுக்க ஈயம் நின்னது. குழந்தைங்க ரத்தத்துல போய்ச் சேர்ற அந்த விஷம் பெட்ரோல்ல இருந்து ஒழிஞ்சதுல இந்தச் சாமான்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 2020ல பிஎஸ்-6 வந்தப்புறம் பெரும்பாலான பைக்குகளுக்கும் மூக்கு முளைச்சாச்சு.

எங்கே வைக்கணும்னு ஒரு வரியில கேட்டா என் பதில் இதுதான்: உண்மை தெரியற இடத்துல வைங்க. இந்த ஐம்பது வருஷமா இஞ்சினியர்கள் தேடினதும் அந்த இடத்தைத்தான். அந்த அடாப்டர் விக்கறவங்களுக்கும் அது நல்லாத் தெரியும்.