நிருபதுங்கா சாலையும் ஒரு வழிநூலும்

பெங்களூரு மாநகராட்சிக் கட்டடத்தின் அருகே தொடங்கிக் கே.ஆர். வட்டம் வரை செல்லும் சாலைக்கு நிருபதுங்கா சாலை என்று பெயர். 1791ஆம் ஆண்டு பெங்களூருக் கோட்டை முற்றுகையில் இறந்த ஆங்கிலேயப் படையினருக்காக எழுப்பப்பட்ட நினைவுத்தூணை ஒட்டி, முன்பு அது செனோடாஃப் சாலை என்றே வழங்கியது. தூண் 1964இல் அகற்றப்பட்டது. சாலையின் இன்றைய பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் மானியகேடத்திலிருந்து ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனுடையது. நெடுங்காலம் ஆண்ட அம்மன்னனைக் கன்னட உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு நூலின் பொருட்டே. இன்று கிடைக்கும் கன்னட நூல்களுள் மிகப் பழையதாகிய ‘கவிராஜமார்க்கம்’ அவன் அவையில் தோன்றியது. நூலை இயற்றியவன் மன்னனல்லன், அவன் உடன்பாட்டுடன் ஸ்ரீவிஜயர் என்ற புலவரே இயற்றினார் என்பது இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. அவ்வாறாயின் சாலைக்கு வைத்த பெயர் நூலாசிரியருடையதும் அன்று.

அதைவிடச் சுவையானது நூலின் பிறப்பு. கவிராஜமார்க்கம் இன்றைய பொருளில் ஒரு ‘சுய படைப்பு’ அன்று. கி.பி. 700 அளவில் காஞ்சியில் வாழ்ந்த தண்டி வடமொழியில் எழுதிய ‘காவியாதரிச’த்தை முதலாகக் கொண்டு எழுந்த நூல் அது. அணிகளின் இலக்கணங்களும், பல இடங்களில் எடுத்துக்காட்டுகளும்கூட, அங்கிருந்து கன்னடத்துக்கு வந்தவை. பழைய பாட்டுக்குப் புதிய தாளம் கட்டுவதை இன்று ‘ரீமிக்ஸ்’ என்கிறோம். கன்னட இலக்கியத்தின் தலைவாயிலில் நிற்பது அத்தகைய ஒரு நூல்தான்.

இலக்கிய வரலாறுகள் இத்தகைய நூல்களைத் ‘தழுவல்’ என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுவது வழக்கம். அச்சொல் உண்மையைச் சொல்கிறது. ஆனால் அத்துடன் வாசிப்பையும் நிறுத்திவிடுகிறது. எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது, எது மாற்றப்பட்டது என்ற கேள்விகள் அதன்பின் எழுவதில்லை. கவிராஜமார்க்கத்தில் அக்கேள்விகளை எழுப்பினால் கிடைக்கும் விடைகள் குறிப்பிடத்தக்கவை. தண்டி செய்யுள்நெறியை வைதருப்பம், கௌடம் என இரண்டாக்கினார். கன்னட நூல் அவற்றை வடக்கு மார்க்கம், தெற்கு மார்க்கம் என்று ஆக்கிக் கன்னட நிலத்துக்குள்ளேயே பொருத்துகிறது. தமிழில் நாம் எதுகை என்று கூறும் இரண்டாம் எழுத்து ஒன்றுதலைக் கன்னடச் செய்யுளுக்கு உரியதாக எடுத்துப் பேசுகிறது. வடசொல்லையும் கன்னடச் சொல்லையும் முறையின்றித் தொகையாகப் பிணைப்பதைக் கண்டிக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, காவிரிக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட நிலமே கன்னட நாடு என எல்லை வகுத்து, கிசுவொளல், கொப்பணம், புலிகெரெ, ஒங்குந்தம் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியின் பேச்சே கன்னடத்தின் உள்ளீடு என்றும் காட்டுகிறது. காவியாதரிசத்தில் இத்தகைய நிலவரையறை இல்லை. எந்த ஓர் ஊருக்கும் உரியதாகத் தன்னைக் காட்டிக்கொள்ளாத மொழியில் எழுதியவருக்கு அது தேவைப்படவும் இல்லை. கடன் வாங்கிய நூலின் சட்டகத்துக்குள் ஒரு மொழி தன் நாட்டை முதன்முறையாக வரைந்துகொண்டது. கவிராஜமார்க்கத்தின் புதுமை எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்குக் காட்டத்தக்க இடம் இது.

அதே காவியாதரிசம் தமிழுக்கும் வந்தது. காஞ்சியில் பிறந்த நூல் முதலில் கன்னடத்துக்கும் சிங்களத்துக்கும் (அங்கு அதன் பெயர் ‘சியபஸ்லகர’) சென்ற பிறகே தமிழ் வடிவம் பெற்றது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. பதினோராம் நூற்றாண்டு வீரசோழியத்தின் அலங்காரப் படலம் தண்டியின் வழியையே பின்பற்றுவதாகத் தானே சொல்லிக்கொள்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தண்டியலங்காரம் முப்பத்தைந்து பொருளணிகளையும் தமிழில் தந்தது. அதன் ஆசிரியர் பெயரும் தண்டி என்றே வழங்குகிறது. முதல்நூலாசிரியரின் பெயரே வழிநூலாசிரியரின் மேல் ஏறிக்கொண்டதோ என்று ஐயுற இடமுண்டு. கன்னட நூல் மாற்றிக்கொண்ட வைதருப்பம், கௌடம் என்ற பெயர்களைத் தமிழ் நூல் அப்படியே வைத்துக்கொண்டது. நிலவரையறையிலும் அது இறங்கவில்லை. தமிழுக்குத் தொல்காப்பியப் பாயிரமே எல்லை வகுத்திருந்தமையால் அந்தத் தேவை எழவில்லை எனலாம். தமிழ்த் தண்டி தம் கைவண்ணத்தைக் காட்டிய இடம் எடுத்துக்காட்டுச் செய்யுள்கள். அவற்றுள் அனபாய சோழனும் பாட்டுடைத் தலைவனாக வருகிறான். முதல்நூல் ஒன்றே, இரு மொழிகளும் அதனிடம் கேட்டவை வேறு வேறு.

இதற்குரிய கலைச்சொற்கள் தமிழில் முன்பே உள்ளன. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாக்கி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கி, வழிநூலாசிரியன் தான் வேண்டும் வேறுபாட்டைச் சேர்க்கலாம் என்று இடம் தருகிறது. வழிநூல் என்பது இம்மரபில் இழிசொல் அன்று; நூலின் வகைப்பெயர்.

இவ்வாறு கூறுவதால் பழையவர்களுக்குத் திருட்டென்ற எண்ணமே இல்லை என்று கொள்வது பிழை. இன்று ரீமிக்ஸ் பண்பாட்டைப் போற்றுவோர் சிலர் இப்பிழையைச் செய்கின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆனந்தவர்த்தனர் இரு கவிகளுக்கிடையிலான ஒப்புமையை மூன்றாகப் பிரித்தார்: கண்ணாடி நிழல் போன்றது, ஓவியம் போன்றது, முகம் ஒத்த இரு மனிதர் போன்றது. முதல் இரண்டும் விலக்கத்தக்கவை, மூன்றாவது ஏற்கத்தக்கது. அடுத்த நூற்றாண்டில் இராசசேகரர் தம் ‘காவிய மீமாம்சை’யில் சொற்கவர்தல், பொருட்கவர்தல் ஆகியவற்றுக்கு அத்தியாயங்களே ஒதுக்கினார். அவர்கள் கேள்வி, எடுத்தானா இல்லையா என்பதன்று. எடுத்ததற்குத் தனியுயிர் உண்டா என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்றும், 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே நீக்கப்படும் என்றும் கூறுகின்றன. ஆய்வேட்டின் நேர்மைக்கு இத்தகைய அளவு தேவைதான். ஆனால் அதே அளவுகோலைப் பழைய நூல்களின் மேல் வைத்து ‘இது மூலமா, நகலா’ என்று வினவும் பழக்கம் வகுப்பறைகளில் பரவியிருப்பது நல்லதன்று.

முதல்நூல் என்ற நிலையும் அவ்வளவு உறுதியானதன்று. முன்னை நூல்களைத் திரட்டியே எழுதுவதாகத் தண்டி தம் நூலின் தொடக்கத்திலேயே கூறுகிறார். அவருக்கும் பாமகருக்கும் இடையே யார் முந்தியவர், யார் யாரை மறுத்தார் என்ற வழக்கு அறிஞரிடையே நெடுநாள் நடந்தது.

பெங்களூரில் இன்னொரு சாலையும் உண்டு. சாமராஜபேட்டையில் கன்னட சாகித்திய பரிஷத்து அமைந்துள்ள சாலைக்குப் பம்ப மகாகவியின் பெயர். பம்பர் 941இல் முடித்த ‘விக்கிரமார்ஜுன விஜய’த்தில் வியாசரின் அருச்சுனனைத் தம் புரவலன் இரண்டாம் அரிகேசரியோடு ஒன்றாக்கினார், திரௌபதியை அருச்சுனன் ஒருவனுக்கே மனைவியாக்கினார். ஒரு புரவலனை மகிழ்விக்கத் தொடங்கிய காரியம் கர்ணனிடம் வரும்போது கைமீறிவிடுகிறது. அருச்சுனனுக்காக எழுதப்பட்ட காவியத்தில் வாசகர் நெஞ்சில் நிற்பவன் கர்ணன். பின்னர் வந்த இரன்னர் பம்பரிடமிருந்தே எடுத்துத் தம் ‘கதாயுத்த’த்தை அமைத்தார்.

இவ்விரு நூல்களும் அச்சேறியது 1898இல், பெங்களூரில். கவிராஜமார்க்கத்தைக் கே.பி. பாடக்கும், பம்ப பாரதத்தை இந்நகரிலேயே பிறந்த பி. லூயிஸ் ரைஸும் பதிப்பித்தனர். பாடக்கின் பதிப்பைத் திறந்தவர்களுக்குத் தண்டியின் அணிகளோடு ஒரு பெயர்ப்பட்டியலும் கிடைத்தது: விமலர், உதயர், நாகார்ஜுனர், ஜயபந்து, துர்விநீதர் என்ற உரைநடையாசிரியர்கள், கவீசுவரர், பண்டிதர், சந்திரர், லோகபாலர் என்ற புலவர்கள், சத்தாணம், பெதண்டெ என்ற செய்யுள் வகைகள். கவிராஜமார்க்கத்துக்கு முன்னே கன்னடத்தில் எழுதியவர்கள் அவர்கள். அவர்கள் எழுதியவற்றுள் ஒரு நூலும் இன்றில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இந்த வழிநூலே சான்று.