காறையெலும்பு முறிவும் தகட்டுச் சிகிச்சையும்: 2007-ஆம் ஆண்டுக் கனடிய ஆய்வைப் பற்றிய ஒரு விசாரணை

காறையெலும்பு நடுவில் முறிந்து துண்டுகள் முற்றும் விலகிவிட்டால், வயது வந்த எவருக்கும் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவதே முறை என்னும் அபிப்பிராயம் வைத்தியர் பலரிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்குப் பிரதான பிரமாணமாகக் காட்டப்படுவது 2007-இல் வெளியான கனடிய ஆய்வு. கத்தி தொடாமல் சிகிச்சை பெற்ற 2235 பேரில் மூவருக்கே எலும்பு கூடவில்லை என்று 1960-இல் நீயர் எழுதியதைப் பற்றிக்கொண்டு, சஸ்திர சிகிச்சையையே விலக்கிவைத்த பழைய பிடிவாதத்தை அவ்வாய்வு அசைத்தது மெய்தான்; ஆனால் இன்று அதன்மேல் ஏற்றப்படும் பாரத்தை அது தாங்குமா என்பதே விசாரணைக்குரியது.

குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 132 பேரில் தகட்டுக்கு 67 பேரும் கைத்தூளிக்கு 65 பேரும் ஒதுக்கப்பட்டனர். ஓராண்டு முடிவில் பரிசோதனைக்குக் கிடைத்தவர் முறையே 62, 49. தகட்டுப் பிரிவில் ஐவர் விடுபட்டிருக்க, தூளிப் பிரிவிலோ 16 பேர், ஏறக்குறைய நால்வரில் ஒருவர், கணக்கிலிருந்தே மறைந்துபோயினர். எலும்பு கூடாதவர் தகட்டுப் பிரிவில் இருவர், தூளிப் பிரிவில் எழுவர். வந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால், ஒருவரைக் காக்க 9 பேருக்குத் தகடு வைக்க வேண்டும். வராதவர் அனைவரும் குணமடைந்தவர்களே என்று கொண்டாலோ அத்தொகை 13 ஆகிறது. அனைவரும் குணமடைந்தார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. சிலர் வேறு வைத்தியரை நாடியிருக்கவும் கூடும். எனினும் வலியுள்ளவன் ஆஸ்பத்திரி வாசலை எளிதில் மறப்பதில்லை, சுகப்பட்டவனே வராமல் நின்றுவிடுகிறான் என்பது புறநோயாளிப் பிரிவில் அமர்ந்து பழகியவர் அறிந்த விஷயம்.

தோளின் சக்தியையும் அன்றாட உபயோகத்தையும் அளந்த மதிப்பெண்களிலும் தகட்டுப் பிரிவே மேலாக நின்றதே என்பார்கள். நின்றது உண்மை, ஆனால் தூளிப் பிரிவின் சராசரிக்குள் எலும்பு கூடாத அந்த எழுவரும், கோணலாகக் கூடியதால் அவதிப்பட்ட ஒன்பதின்மரும் அடங்கியிருக்கின்றனர். 2013-இல் ராபின்சன் குழுவினர் 200 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், எலும்பு கூடாதவர்களை நீக்கிப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் வேற்றுமை தெரியவில்லை. ஆகவே தகட்டின் லாபம் பெரும்பாலும் எலும்பு கூடாமையைத் தடுப்பதில் அடங்கியதேயன்றி, கூடிய தோளை மேலும் சிறப்பாக்குவதில் இல்லையென்றே கருத வேண்டியிருக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலையும் சொற்பமன்று: தழும்புக்குக் கீழே மார்புத் தோல் மரத்துப்போகிறது, மெல்லிய சருமத்தின் கீழ்த் தகடு துருத்திக்கொண்டு, தோள்பையின் வார் படும்போதெல்லாம் உறுத்துகிறது, அதை எடுக்க மறுபடியும் கத்தி. தகடு வைத்தவர் வேலைக்குச் சீக்கிரம் திரும்புகிறார் என்பது சௌகரியத்தைப் பற்றிய வாதம். எலும்பு கூடாமற்போன பின்னால் செய்யும் சஸ்திர சிகிச்சை கடினம் என்பது வைத்தியரின் சிரமத்தைச் சொல்கிறதே ஒழிய, நோயாளியின் நஷ்டத்தை நிரூபிப்பதில்லை.

தோலைக் கிழித்து வெளிவந்த முறிவு, கிழிக்கும் நிலையிலுள்ள முறிவு, இரத்தக்குழாய்க் காயம் ஆகியவை நீங்கலாக, ஏனையோருக்கு முதலில் தூளியே தக்கது. எலும்பு கூடவில்லையென்று நிச்சயமான பின்னரே தகடு.