‘தெரியவில்லை’ என்ற வாக்குமூலம்: ஷிகா நவோயாவின் ‘ஹானின் குற்றம்’ கதையில் தீர்ப்பும் மனமாற்றமும்

முந்நூறுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள், உயரமான இருக்கையில் அமர்ந்து கூட்டத்தைக் கண்காணிக்கும் ஒரு போலீஸ்காரர், வித்தைக் குழுவின் மேலாளர், உதவியாளன், மேடை அறிவிப்பாளர். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஹான் என்ற இளம் சீன வித்தைக்காரன் வீசிய கத்தி அவன் மனைவியின் கழுத்துத் தமனியை அறுத்துவிடுகிறது. கொலை என்று சொல்ல வேண்டிய எல்லாம் எல்லார் கண்முன்னும் நடந்திருக்கிறது. ஆனால் அது கொலைதானா என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ஜப்பானிய எழுத்தாளர் ஷிகா நவோயா (1883–1971) ‘ஷிராகபா’ இதழில் 1913 அக்டோபரில் வெளியிட்ட ‘ஹானின் குற்றம்’ இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. நீதிபதி மேலாளரையும் உதவியாளனையும் கடைசியில் ஹானையும் தனித்தனியே அழைத்து விசாரிக்கிறார். ஹான் வெளியேறியதும், தமக்குள் ஏதோ ஒரு கிளர்ச்சி எழுவதை உணர்ந்து, உடனே பேனாவை எடுத்துக் குற்றமற்றவன் என்று எழுதிவிடுகிறார். கதை அத்துடன் முடிகிறது.

இக்கதையை வாசிப்பவர்கள் பொதுவாக இரண்டில் ஒரு பக்கம் சாய்வார்கள். உள்நோக்கம் மெய்ப்பிக்கப்படாதபோது சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கே, எனவே தீர்ப்பு முறையானது என்பது ஒரு பக்கம். பொய்யிலிருந்து விடுபட்டுத் தன் உண்மையான வாழ்வை அடைந்த தனிமனிதனின் முன் சட்டம் தலைவணங்குகிறது, ‘ஷிராகபா’ இதழ்க் குழுவினர் போற்றிய தன்னுணர்வின் வெற்றி இது என்பது மறுபக்கம். இரண்டுமே நீதிபதியின் பேனாவைக் கதையின் பேனாவாக எடுத்துக்கொள்கின்றன. என் வாதம் வேறு. ஹான் குற்றம் செய்தானா, ஹான் மாறிவிட்டானா என்ற இரண்டு கேள்விகளைக் கதை தனித்தனியே வைத்திருக்கிறது. நீதிபதி இரண்டாவதற்குக் கிடைத்த விடையை முதலாவதற்கு எழுதிவிடுகிறார். அவர் அப்படிச் செய்கிறார் என்பதைக் காட்டும் அளவுகோல் கதைக்குள்ளேயே, பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஓர் இடத்தில், ஒரு குழந்தையின் மரணத்தில் இருக்கிறது.

சட்டத்தின் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம், அது அவ்வளவு சிக்கலானதல்ல. 1907-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த ஜப்பானியக் குற்றவியல் சட்டம் உள்நோக்கத்துடன் செய்யும் கொலையை ஒரு குற்றமாகவும், தொழிலில் தேவையான கவனத்தைக் கைவிட்டு மரணம் விளைவிப்பதை வேறொரு குற்றமாகவும் வைத்திருந்தது. முந்தின இரவு முழுவதும் உறங்காமல், நரம்பு தளர்ந்து, அன்று இந்த வித்தை ஆபத்து என்று தானே உணர்ந்தும், 12 அடி தூரத்திலிருந்து உயிருள்ள உடலைச் சுற்றிக் கத்தி வீசியவன் ஹான். உடல்நலமும் விழிப்பும் இல்லாத நிலையில் செய்யக் கூடாத வித்தை இது என்று மேலாளரே சாட்சியம் சொல்லியிருக்கிறார். கொலை இல்லை என்று முடிவானாலும் கவனக்குறைவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நீதிபதி அதைத் தொடவே இல்லை. சந்தேகத்தின் பலன் என்ற விளக்கம் இந்த இடத்தில் நொறுங்குகிறது. சந்தேகத்தின் பலனை அளிக்கும் நீதிபதி தயங்குவார், எடைபோடுவார், வேறு குற்றப்பிரிவு பொருந்துமா என்று பார்ப்பார். இவருக்கு வருவது கிளர்ச்சி. ஒரு தீர்ப்பு கிளர்ச்சியிலிருந்து பிறந்தது என்று சொல்லும் எழுத்தாளர் அந்தத் தீர்ப்பைச் சட்டத்தின் முடிவாக நம்மிடம் கொடுக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சாட்சிகளில் மிகக் கூர்மையானவன் உதவியாளன். கத்தி பாய்ந்த கணத்தில் கொன்றுவிட்டான் என்றே தனக்குத் தோன்றியதாகச் சொல்கிறான். அதே கணத்தில் அறிவிப்பாளருக்குத் தோன்றியது கை தவறிவிட்டது என்பது. இருவரும் பார்த்தது ஒரே காட்சி. வேறுபாட்டுக்கான காரணத்தையும் உதவியாளனே கண்டுபிடிக்கிறான்: கணவன் மனைவிக்கிடையே இருந்த கசப்பு தனக்குத் தெரியும், அறிவிப்பாளருக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்திருந்ததால்தான் அப்படித் தோன்றியதோ என்று அவன் பிறகு தன்னையே சந்தேகிக்கிறான். ஒருவரது குணத்தையும் கடந்தகாலத்தையும் அறிவது அவர் செய்த செயலை அறிய உதவும் என்று நம்புகிறோம். நீதிமன்றமும் அப்படித்தான் நம்புகிறது, நாவல் வாசகரும் அப்படித்தான் நம்புகிறார். அந்த அறிவே பார்வையைச் சாய்த்துவிடக்கூடும் என்று படிப்பறிவு பற்றி எதுவும் சொல்லப்படாத ஒரு மேடை உதவியாளனை உணர வைத்திருக்கிறார் ஷிகா. நீதிபதிக்கு இந்த எச்சரிக்கை உணர்வு கடைசிவரை வருவதில்லை.

குரோசாவாவின் ‘ரஷோமோன்’ திரைப்படத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இங்கே அதற்கு மூலமான அகுதகாவாவின் ‘தோப்புக்குள்’ கதை (1922) நினைவுக்கு வருவது இயல்பு. ஒப்பீடு பயனுள்ளதுதான், ஆனால் ஒற்றுமையைவிட வேற்றுமைக்காக. அகுதகாவாவின் கதையில் சாட்சிகள் சொல்லும் நிகழ்வுகளே ஒன்றோடொன்று மோதுகின்றன. கொன்றது யார் என்பதில்கூட உடன்பாடு இல்லை. ஷிகாவிடம் நிகழ்வுகளில் எந்த முரணும் கிடையாது. யார் எறிந்தது, எங்கே பட்டது, யார் இறந்தது, எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டவை. ஐயம் முழுவதும் ஒரே மனத்துக்குள் ஒடுங்கியிருக்கிறது, அந்த மனத்தின் ஒரே சாட்சி குற்றம் சாட்டப்பட்டவன். இது பல கோணங்களின் கதை அல்ல. ஒரு கோணம் மட்டும் மிஞ்சிவிட்ட கதை.

அந்த ஒற்றைச் சாட்சி என்ன சொல்கிறான்? மணமாகி எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தை தன்னுடையதல்ல என்று ஹானுக்குத் தெரியும். மணத்துக்கு முன் அவளோடு உறவு கொண்டிருந்தவன் இந்தத் திருமணத்தை முன்னின்று பரிந்துரைத்த அவனது நண்பன், அவளுக்கும் உறவினன். ஹான் இதைப் பற்றி அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. குழந்தை இறந்த பிறகு மன்னிக்க முயல்கிறான். தள்ளியிருக்கும்போது முடிகிறது, அவள் எதிரே வந்தால் வெறுப்பு மேலெழுகிறது. மணவிலக்குக்குத் துணிவில்லை. கிறித்தவ மதபோதனைகளைப் படித்து மனத்தை மென்மையாக்கிக்கொள்ளப் பார்க்கிறான். (இளமையில் பல ஆண்டுகள் கிறித்தவ போதகர் உச்சிமுரா கன்சோவின் போதனைகளைக் கேட்டு, பிறகு விலகிப்போனவர் ஷிகா. இந்த முயற்சியின் களைப்பு அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல.) சம்பவத்துக்கு முந்தின இரவு அவளைக் கொல்ல நினைக்கிறான். விடியும்போது நினைப்பு சோர்ந்துபோகிறது. மறுநாள் மேடையில் முதல் கத்தி வழக்கத்தைவிடச் சற்று மேலே குத்துகிறது. கழுத்தருகே வரும்போது அவள் முகத்தில் திடீரென ஓர் அச்சம் தோன்ற, அது அவனையும் தாக்க, இருட்டில் எறிவதுபோல் குறியின்றி எறிகிறான்.

குணமாற்றம் என்று சொல்லத்தக்கது இதற்குப் பிறகுதான் நிகழ்கிறது. அவள் விழுந்ததும், கொன்றுவிட்டேன் என்று அவனுக்குத் தோன்றுகிறது. உடனே மண்டியிட்டுப் பிரார்த்திக்கிறான். அந்தப் பிரார்த்தனை நடிப்பு, அந்த நேரத்தில் தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன் என்று நீதிபதியிடம் ஒப்புக்கொள்கிறான். அன்றிரவு காவலில் கிடந்து, எப்படித் தப்புவது என்று திட்டமிட்டுக்கொண்டிருக்கும்போது ஓர் ஐயம் நுழைகிறது: வேண்டுமென்றே செய்தேன் என்று நான் ஏன் இவ்வளவு உறுதியாக நினைக்கிறேன்? முந்தின இரவு அப்படி நினைத்தேன் என்பதைத் தவிர வேறு ஆதாரம் என்ன? ஆராய ஆராய அவனுக்கே தெரியாமல் போகிறது. அவன் மகிழ்ச்சியில் துள்ளுகிறான். விபத்துதான் என்று நம்ப முடிந்ததால் வந்த மகிழ்ச்சி அல்ல. எது என்று தெரியவில்லை என உண்மையாகவே சொல்ல முடியும், அப்படிச் சொல்லியே விடுதலை பெற முடியும் என்பதால் வந்தது.

இந்த மகிழ்ச்சியை நடிப்பு என்று தள்ளிவிட முடியாது. அவன் உண்மையாகவே மாறியிருக்கிறான். கேட்க வேண்டியதைக் கேட்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், வெளுத்த முகத்தோடு மௌனமாக இருந்தே காலம் கழித்தவன், முதல் முறையாக மறைக்காமல் பேசுகிறான். மனைவியின் மரணம் குறித்துத் துளியும் வருத்தம் இல்லை என்று நீதிபதியின் முகத்துக்கு நேரே சொல்கிறான். ஆனால் இந்த நேர்மை எப்போது பிறக்கிறது என்று கவனிக்க வேண்டும். உண்மை அவனுக்கு ஆதாயமாக மாறிய இரவில். அதோடு, சிறிய பொய் ஒன்றை, அந்தப் பிரார்த்தனையை, அவனே காட்டிக்கொடுப்பது பெரிய விஷயத்தில் அவனை நம்ப வைக்கிறது. இதை அவன் தந்திரமாகச் செய்கிறான் என்று நான் சொல்லவில்லை. தந்திரமாகச் செய்திருந்தால் பேச்சு இதிலிருந்து எந்த விதத்தில் வேறுபட்டிருக்கும் என்று கேட்டால் விடை இல்லை. மனமாற்றத்துக்குச் சான்று அவன் பேச்சு. பேச்சின் உண்மைக்குச் சான்று அந்த மனமாற்றம். நீதிபதி இந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் கையெழுத்திடுகிறார்.

வட்டத்துக்கு வெளியே வர வழி குழந்தையின் மரணம். தாயின் மார்பில் பால் குடிக்கும்போது மூச்சு அடைத்து இறந்தது என்பது செய்தி. வேண்டுமென்றா என்று நீதிபதி கேட்கிறார். தவறி நேர்ந்தது என்று அவள் சொன்னதாக ஹான் பதில் தருகிறான். விசாரணை அதோடு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இரண்டு மரணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அன்றாடம் பழகிய செயல், மிக நெருக்கமான இன்னொரு உடல், கொல்வதற்கான காரணம் இருந்திருக்கலாம் என்ற ஊகம், செய்தவரைத் தவிர வேறு சாட்சி இல்லாத உள்ளம். குறிப்பாகச் சொன்னால், நீதிபதிக்கு ஹான் எப்படியோ அப்படியே ஹானுக்கு அவன் மனைவி. அந்த நீதிபதி ஆசனத்தில் அமர்ந்து ஹான் என்ன செய்தான்? விசாரிக்கவே இல்லை. குழந்தையின் சாவை அவள் பாவத்துக்கான பரிகாரமாக ஏற்றுக்கொள்ளப் பார்த்தான், பிறகு அந்தப் பரிகாரம் போதாது என்று முடிவுகட்டினான். பரிகாரம் என்று நினைக்கும்போதே, அவள் வேண்டுமென்று செய்தாளோ என்ற கேள்வியைப் பாதி ஒப்புக்கொண்டு, அதிலிருந்து தனக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்கிறான். தனக்கே தெரியவில்லை என்று சொல்லும் வாய்ப்பு அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. அவள் உள்ளத்திலும் அப்படியொரு தெரியாமை இருந்திருக்கலாம் என்ற எண்ணம், காவலில் அத்தனை கூர்மையாகத் தன்னையே ஆராய்ந்த இரவில்கூட, அவனுக்குத் தோன்றியதாக வாக்குமூலத்தில் எங்கும் இல்லை.

ஹானின் மாற்றத்துக்கு எல்லை இங்கே போடப்படுகிறது. தன் உள்நோக்கம் தனக்கே எட்டாதது என்று கண்டவன், பிறர் உள்நோக்கமும் அப்படித்தான் இருக்கும் என்ற அடுத்த அடியை எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்திருந்தால் வருத்தம் துளியும் இல்லை என்று சொல்லியிருக்க முடியுமா என்பது ஐயமே. அவளுக்குக் கதையில் பெயர்கூட இல்லை.

கத்தியும் கழுத்தும் ஷிகாவுக்குப் புதிதல்ல. 1910-இல் எழுதிய ‘சவரக்கத்தி’ கதையில், காய்ச்சலில் தள்ளாடும் தேர்ந்த நாவிதர் ஒருவர் வாடிக்கையாளரின் தொண்டையில் சிறு கீறல் விழுந்த கணத்தில் ஏதோ ஒன்று பற்றிக்கொள்ள, கழுத்தையே அறுத்துவிடுகிறார். அங்கே கொல்லப்பட்டவரிடம் பகை எதுவும் இல்லை, செயலுக்குப் பிறகு விசாரணையும் இல்லை. நாவிதரின் உடல்நிலையும் எரிச்சலும் மட்டுமே காரணம்போல் நிற்கின்றன. ‘ஹானின் குற்றம்’ அதன் மறுபுறம்: பகைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது, செயல்தான் உள்ளீடற்றுப்போகிறது. முதல் கதையில் குற்றத்தை மறுக்க வழியில்லை, ஆளைப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. இரண்டாவதில் ஆளை நன்றாகப் புரிந்துகொள்கிறோம், குற்றம் நழுவிவிடுகிறது. புரிந்துகொள்வதும் தீர்ப்பளிப்பதும் ஒன்றுக்கொன்று உதவும் என்ற நம்பிக்கையை இவ்விரு கதைகளும் சேர்ந்து அரித்துவிடுகின்றன.

எழுத்தாளரின் சொந்தக் கருத்து என்ன என்று கேட்பது திறனாய்வில் நல்ல பழக்கம் அல்ல. ஆனாலும் இங்கே ஒரு சான்றை ஒதுக்க முடியாது. 1913 ஆகஸ்டில் தொக்கியோவின் யமனொத்தே இரயிலில் அடிபட்டுப் பிழைத்த ஷிகா, குணமடைவதற்காகக் கினோசாகி வெந்நீரூற்றுக்குச் சென்றார். அந்த நாட்களைப் பற்றி 1917-இல் வெளியிட்ட ‘கினோசாகியில்’ என்ற படைப்பில் ஹான் கதையைக் குறிப்பிடுகிறார். மனைவியின் பழைய உறவின் மேல் எழுந்த பொறாமையால் ஹான் அவளைக் கொல்வதை எழுதியதாகச் சொல்கிறார். கைதவறியதாகவோ, தெரியாததாகவோ சொல்லவில்லை. நீதிபதியால் முடிவுசெய்ய முடியாததை ஆசிரியர் போகிறபோக்கில் ஒரு வாக்கியத்தில் முடிவுசெய்கிறார். இதை வைத்துக் கதையின் விடை இதுதான் என்று மூடிவிட நான் தயாரில்லை. ஆசிரியரும் பின்னாளில் தன் கதைக்கு ஒரு வாசகர்தான். ஆனால் விடுதலைத் தீர்ப்பில் கதையின் அங்கீகாரம் இருக்கிறது என்ற வாசிப்பைத் தாங்குவது இனிக் கடினம். அதே இடத்தில், இம்முறை கொல்லப்பட்ட மனைவியின் உணர்வை மையமாக்கி இன்னொரு கதை எழுத விரும்பியதாகவும், கடைசியில் எழுதவில்லை என்றும் கூறுகிறார்.

எழுதப்படாத அந்தக் கதையின் சாயல் 1937-இல் நிறைவுபெற்ற அவரது நாவல் ‘அன்யா கோரோ’வில் தென்படுகிறது என்பது என் துணிபு. அங்கேயும் மனைவி நவோகோ தன் உறவினன் ஒருவனால் தவறுகிறாள், அங்கேயும் கணவன் கென்சாகு மன்னித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறான். இரயில் நகரத் தொடங்கிய பின் ஏற முயலும் அவளை அவன் கை தள்ளிவிடுகிறது. வேண்டுமென்றா, தன்னை மறந்த கணமா என்ற அதே கேள்வி மீண்டும் எழுகிறது. நவோகோ உயிர் பிழைக்கிறாள் என்பதால் நீதிபதிக்கு வேலை இல்லை. கேள்வியை அவளே எடுத்துக்கொள்கிறாள்: மன்னித்தேன் என்று சொல்கிறீர்கள், உண்மையில் மன்னிக்கவில்லை என்று கணவனிடம் நேராகச் சொல்கிறாள். கென்சாகுவிடம் பின்னர் நிகழும் மாற்றத்தை ஏறக்குறைய நாவல் முழுக்க அவன் கண்வழியே சொல்லிவந்த ஷிகா, கடைசிப் பக்கத்தில் மட்டும் பார்வையை அவளிடம் மாற்றிவிடுகிறார். அவன் மாறிவிட்டானா என்பதற்கு அங்கே சாட்சியாக நிற்பவள் தள்ளிவிடப்பட்டவள்.